இலஞ்சியில் ஒரு பாபிலோன் செங்கல்

இசக்கிப்பாண்டி உயிரோடு இருக்கும்போதே அவருக்குக் கருமாதி நடந்துவிட்டது. இலஞ்சியில் இது தெரியாத ஆள் கிடையாது. குற்றாலத்துக்குச் சாரலில் குளிக்க வருகிறவர்களிலும் பாதிப் பேருக்குத் தெரியும். அவரே கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்லிவிடுவார்.

உலக யுத்தத்தின்போது அவர் பட்டாளத்தில் பாலம் கட்டும் பிரிவில் இருந்தார். முதலில் ஈராக்குக்குக் கொண்டுபோனார்கள். பிறகு எகிப்தைத் தாண்டி லிபியாப் பாலைவனம். அங்கே ஒரு பின்வாங்கலில் பிரிவே மூலைக்கு ஒருவராகச் சிதறிப்போக, 'ஆளைக் காணவில்லை' என்று வீட்டுக்குத் தந்தி வந்தது. அப்போது மனைவி குருவம்மாளின் இடுப்பில் கைக்குழந்தையாகத் தளவாய் இருந்தான்.

அவருடைய அம்மா மாதக்கணக்கில் காத்திருந்தாள். அந்தச் சமயத்தில்தான் தென்காசி துல்கர்னைன் கட்டைக் கம்பை ஊன்றிக்கொண்டு வந்து சேர்ந்தார். அவரும் அதே பிரிவு. ஈராக்கிலேயே காலில் அடிபட்டு, பம்பாய் ஆஸ்பத்திரியில் கிடந்து, ஊருக்கு அனுப்பப்பட்டவர். பாண்டி பிரியும்போது வீட்டில் கொடுக்கச் சொன்னான் என்று ஒரு பாதிச் செங்கல்லைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். ஈராக்கில் பாபிலோன் என்ற பழைய நகரம் மண்மேடாகக் கிடக்கிறது. அங்கே பாலம் போடப் போன இடத்தில் இசக்கிப்பாண்டி எடுத்தது. அதன் ஒரு பக்கத்தில் குருவி நடந்துபோன தடம் மாதிரி எழுத்து குத்தியிருந்தது.

உடம்பு இல்லாத சாவுக்கு என்ன செய்வது? மகன் கை பட்ட பொருள் என்று கடைசியில் அந்தச் செங்கல் ஒன்றுதான் இருந்தது. சொந்தக்காரர்கள் கூடிப் பேசி, சிற்றாற்றங்கரையில் சுடலைமாடன் பீடத்துக்குப் பக்கத்தில் குழி தோண்டி, அதையே அவருக்குக் கல்லாக நட்டு, மஞ்சள் பூசிக் கருமாதியை முடித்தார்கள். குருவம்மாளுக்குத் தாலி இறங்கியது.

இசக்கிப்பாண்டியோ இத்தாலிக்காரனிடம் கைதியாகிக் கப்பலேறி, அவர்கள் ராஜ்யமே கவிழ்ந்த குழப்பத்தில் தப்பி, ரோமாபுரியையும் பார்த்துவிட்டு, ஒரு நாள் சாயங்கால ரயிலில் தென்காசி ஸ்டேஷனில் சாவகாசமாக இறங்கினார். தெரிந்த வண்டிக்காரன் ஒருவன் அவரைப் பார்த்துவிட்டு மாட்டைக்கூட அவிழ்க்காமல் ஓடினான். கருமாதி நடந்த ஆளை வீட்டுக்குள் விட முடியுமா? சிற்றாற்றில் முங்க வைத்து, மொட்டை போட்டு, பிறந்த பிள்ளைக்கு வைப்பதுபோல மறுபடி பெயர் வைத்து, குருவம்மாளுக்கு மறுபடி தாலி கட்டவைத்துத்தான் சேர்த்துக்கொண்டார்கள்.

அன்றைக்கே அவர் தன் கல்லைப் பார்க்கப் போனார். பார்த்ததும் சிரிப்புத் தாங்கவில்லை. இரண்டு கையாலும் அசைத்துப் பிடுங்கிவிட்டார்.

“நட்ட கல்லப் புடுங்கப்படாதுலே, வச்சிரு” என்று அம்மா பதறினாள்.

“இது ராசா வீட்டுக் கல்லும்மா. நாந்தான் வந்துட்டேம்லா, பொறவு இதுக்கு இங்கன என்ன சோலி?” என்று தோளில் வைத்துக்கொண்டு நடந்துவிட்டார். குழியை மூட வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. மற்றவர்களுக்கு அதைத் தொடப் பயம்.

யுத்தம் முடிந்து பட்டாளத்தைக் கலைத்தபின் குற்றாலத்தில் ஒரு ஜமீன் பங்களாவுக்குக் காவல்காரர் ஆனார். ஜமீனே ஒழிந்துபோன பிறகு பங்களாவைச் சீசனுக்கு வாடகைக்கு விட்டார்கள். ஆனியில் சாரல் விழத் தொடங்கியதும் மதுரையிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்து இறங்குவார்கள். எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்குக் கிளம்பும் முன்னும், குளித்துவிட்டுப் பசியோடு வந்து சோற்றுக்குக் காத்திருக்கும்போதும் அவர்களுக்கு இசக்கிப்பாண்டிதான் பொழுதுபோக்கு. செங்கல்லை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

“இந்தக் கோட்டை மதிலு மேல நாலு குதிரை பூட்டுன தேரு திரும்புமாம், அம்புட்டு அகலம். கட்டுன ராசா ஒவ்வொரு செங்கல்லுலயும் தன் பேரக் குத்தி வச்சிருக்கான். நாங்க போகையில அங்கன ஒரு ஆடு மேஞ்சிக்கிட்டு நிக்கி. ஆடுதான் இப்ப ராசா!”

பாபிலோனைப் பாரசீகன் பிடித்தான், அவனைக் கிரேக்கன் அடித்தான், அந்தக் கிரேக்க ராஜாவும் அதே பாபிலோனில்தான் காய்ச்சலில் செத்தான், அப்புறம் ரோமாபுரிக்காரன் வந்தான் என்று ஒவ்வொரு ராஜ்யமாக எழுப்பி ஒவ்வொன்றாகக் கவிழ்ப்பார். சரித்திரத்தில் கொஞ்சம் முன்பின் இருக்கும். படித்தவர்கள் யாராவது திருத்தினால், நீங்க சொன்னா சரிதான் என்று ஒப்புக்கொண்டு அடுத்த ராஜ்யத்தைக் கவிழ்க்கப் போய்விடுவார். பேருந்து நிறுத்தத்தில் டீக்கடை வைத்திருந்த துல்கர்னைன் அவ்வப்போது வந்து, “எங்க வேதத்துல வார துல்கர்னைன் அந்தக் கிரேக்க ராசாதான்னு எங்க ஆளுவ சில பேரு சொல்லுதாவ. எனக்குக் கால்தான் போச்சு, உசிரு இருக்கு” என்று தன் பெயரை வைத்துக் கேலி செய்துகொள்வார். செங்கோட்டை திருவாங்கூரிலிருந்து பிரிந்து சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்த வருஷம் எல்லையில் வண்டிகளை மறிக்கும் சுங்கச் சவுக்கையை எடுத்தபோது, இரண்டு பேரும் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். “ஒரு வெடிச்சத்தம் இல்ல, ஒண்ணுமில்ல. கம்பைத் தூக்கிட்டுப் போயிட்டானுவ” என்று இசக்கிப்பாண்டிக்கு ஒரே ஏமாற்றம்.

சீசன் முடிந்தால் செங்கல் வடிவில் பாபிலோன் ராஜா இலஞ்சிக்குத் திரும்பிக் குருவம்மாளின் அடுக்களையில் பூனை உருட்டாமல் சோற்றுப் பானை மூடிமேல் உட்கார்ந்திருப்பார்.

தளவாய்க்கு ராஜாக்கள் கதையில் ருசி இல்லை. ரோமாபுரி வருவதற்குள் தூங்கிவிடுவான். அவன் திரும்பத் திரும்பக் கேட்டது ஒரே ஒரு கதைதான், அய்யா செத்துப்போய்த் திரும்பி வந்த கதை. வண்டிக்காரன் ஓடிய இடத்தில் ஒவ்வொரு தடவையும் விழுந்து விழுந்து சிரிப்பான். யுத்தம் என்றால் போய்விட்டுச் சாயங்கால ரயிலில் வந்து இறங்கும் ஒரு இடம் என்று அவன் மனதில் பதிந்துபோனது. அவனும் பட்டாளத்தில் சேர்ந்தான், அதுவும் அதே பாலம் கட்டும் பிரிவில். குருவம்மாள் அழுதபோது, “எங்கய்யாவுக்கு நீ கருமாதியே கழிச்ச. வரலியாம்மா? எனக்கு அதுகூட வேண்டாம், சும்மாவே வந்திருதேன்” என்று சிரித்துக்கொண்டே போனான்.

அறுபத்திரண்டில் லீவில் வந்தவனுக்கு வைகாசியில் கல்யாணம் ஆயிற்று. பெண் வீரகேரளம்புதூர் உச்சிமாகாளி. முதல் சாரலில் அவளை ஐந்தருவிக்குக் கூட்டிக்கொண்டு போனான். குளிரில் நடுங்கிக்கொண்டே இருவரும் துல்கர்னைன் கடையில் டீ குடித்தார்கள். ஆடி பிறக்கும் முன் லீவு முடிந்து போய்விட்டான். அவர்கள் சேர்ந்து இருந்தது அவ்வளவுதான். அந்த ஐப்பசியில் சீனாக்காரன் வடகிழக்கு மலையில் இறங்கினான்.

தந்தி வந்தது. அதே வாசகம். ஆளைக் காணவில்லை.

தெருவில் பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு ஓடிவந்தார்கள். இசக்கிப்பாண்டி கையில் இருந்த கம்பைச் சுழற்றிவிட்டார். “எவ வீட்டு எளவுன்னு இங்கன வந்து ஒப்பாரி வைக்கிய? எனக்கும் இதே தந்திதான் வந்துச்சு. நான் வரல? ஏட்டி குருவு, நீ சொல்லு, நான் வரல?”

குருவம்மாள் தலையை ஆட்டினாள். ஒரு தடவை தாலியை இறக்கிவிட்டு அவள் பட்டது போதும். ஆனால் அவள் கண் அடுக்களைப் பக்கம் போனது. பானைமேல் இருந்த செங்கல்லைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

அன்றிலிருந்து இசக்கிப்பாண்டி தினமும் சாயங்கால ரயிலுக்குத் தென்காசி ஸ்டேஷன் போனார். மழை, வெயில், தீபாவளி எதற்கும் நிற்கவில்லை. கடைசிப் பெட்டிக்காரன் இறங்கிப்போகும் வரை நிற்பார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு திரும்புவார். வீட்டுக்கு வந்தால் உச்சிமாகாளி முகம் கழுவிப் பூ வைத்து நிற்பாள், ஒரு வேளை பின்னால் அவனும் வருகிறானோ என்று.

மறு வருஷம் சீனாக்காரன் கைதிகளை விட்டான். அதில் ஒருவன் நல்லூர் ஏசுவடியான். தளவாயோடு ஒரே கூடாரத்தில் இருந்தவன். ஊருக்கு வந்த கையோடு இலஞ்சிக்கு வந்தான். விரல்கள் சில பனியில் போயிருந்தன. குருவம்மாள் இலை போட்டாள். அவனால் உருண்டையை வாயில் வைக்க முடியவில்லை.

“பாலத்த ஒடச்சிட்டு மலையேறி வந்துக்கிட்டிருந்தோம் அய்யா. அவனுக்குக் காலு ரெண்டும் மரத்துப்போச்சு. ‘நீ போலே, நான் செத்த உக்காந்துட்டு வாரேன்’னான். கொஞ்சம் போயித் திரும்பிப் பாத்தேன். உக்காந்த மானிக்கே இருந்தான். கூப்புட்டேன். தலைமேல பனி விழுது, தட்டிவிடாம இருக்கான்.”

“தொட்டுப் பாத்தியா?”

“இல்லய்யா. கீழ சீனாக்காரன் சுட்டுக்கிட்டு வாரான். என்னால…”

“பொறவு செத்தான்னு எப்படிலே சொல்லுத? தொட்டுப் பாக்காம என் வீட்டுல வந்து இலையில உக்காந்து சாவு சொல்லுதியோ? எந்திரி!”

அவன் சாப்பிடாமலே எழுந்து போனான். உச்சிமாகாளி கதவுக்குப் பின்னால் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள். அவளை அழவிட யாருக்கும் அங்கே மனமில்லை. அழுதால் அவன் செத்துவிட்டதாக அர்த்தம்.

விஷயம் துல்கர்னைன் காதுக்குப் போயிற்று. இசக்கிப்பாண்டி கடைக்கு வந்தபோது அவர் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டுச் சொன்னார். “ஏலே பாண்டி, நீ சொல்லுத ராசா கதையில எல்லாம் சேதி கொண்டு வாரவன் ஒருத்தன் வருவான். எதிரி மதிலுக்கு வந்துட்டாம்பான். ராசா அவன வெரட்டிவிட்டுட்டு விருந்து சாப்பிடுவான். நீயும் நானும் அந்த ராசாவ நெனச்சு எத்தன நாளு சிரிச்சிருக்கோம்?”

இசக்கிப்பாண்டி டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டு வந்தார். அதன்பின் வெகுநாள் அந்தக் கடைப் பக்கம் போகவில்லை.

உச்சிமாகாளியின் அண்ணன் சுடலைமுத்து நிதானமானவன். இரண்டு வருஷம் பொறுத்துவிட்டுத்தான் வந்தான். அவர்கள் வழக்கத்தில் புருஷன் இல்லாதவளை மறுபடி கட்டிக்கொடுக்கலாம், அதில் குறைவு எதுவும் இல்லை. மனைவி இறந்த ஒரு போலீஸ்காரன் கேட்டு வந்திருக்கிறான், நல்ல மனுஷன். ஆனால் புருஷன் வீட்டார் கருமாதி கழித்துத் தாலியை இறக்கித் தந்தால்தான் அவளை வேறொருவனுக்குக் கட்டிக்கொடுக்க முடியும். அதை அவன் கையைக் கட்டிக்கொண்டு கேட்டான்.

“எம் மவன் வந்து, எம் பொண்டாட்டி எங்கன்னு கேட்டா நான் என்ன சொல்லட்டும்?” என்றார் இசக்கிப்பாண்டி.

“மாமா, அவளுக்கு வயசு போகுது.”

“போவட்டும். எனக்காவ ஒருத்தி தாலிய எறக்கிட்டு நின்னா. நான் வந்து பாக்கையில அவ நின்ன கோலம் எனக்குத்தான் தெரியும். எம் மவனுக்கு அந்தக் காட்சி வேண்டாம்.”

சுடலைமுத்து அடுத்த வருஷமும் வந்தான். அதற்கடுத்த வருஷமும் வந்தான். போலீஸ்காரன் வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டான். அப்புறம் ஒரு விவசாயி கேட்டான். இசக்கிப்பாண்டியின் பதில் மட்டும் மாறவில்லை. எந்தக் கெட்ட எண்ணத்திலும் அவர் அதைச் செய்யவில்லை, மருமகளை மகளாகத்தான் வைத்திருந்தார். அதுதான் கொடுமை. திட்டினால் அவள் அண்ணனோடு போயிருப்பாள்.

அறுபத்தேழு ஆனியில் நல்ல சாரல். பங்களாவுக்கு ஒரு கல்லூரி வாத்தியார் குடும்பத்தோடு வந்திருந்தார். உச்சிமாகாளி சமையலுக்கு வந்திருந்தாள். மத்தியானம் இசக்கிப்பாண்டி செங்கல்லை மடியில் வைத்துப் பாபிலோனை எழுப்பிக்கொண்டிருந்தபோது வாத்தியார் மனைவி கேட்டாள். “இத்தனை லட்சம் செங்கல்லில் பேரை எழுதினாரே, அந்த ராஜா பார்க்க எப்படி இருப்பார்?”

இசக்கிப்பாண்டி பெரிதாகச் சிரித்தார். “மொகம் எவனுக்கும்மா தெரியும்? பாத்தவுக செத்தா மொகம் போச்சு. பேருதான் மிச்சம்.”

அவர்கள் குளிக்கக் கிளம்பிப் போனார்கள். அடுக்களை வாசலில் உச்சிமாகாளி கரண்டியோடு அப்படியே நின்றுகொண்டிருந்தாள்.

“என்ன தாயி?”

“மாமா.” அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். “எனக்கு அவுக மொகம் மறந்துபோச்சு.”

அவர் ஒன்றும் புரியாமல் பார்த்தார்.

“எம்புட்டோ நெனச்சுப் பாக்கேன். அருவிக்குப் போனோம், டீ குடிச்சோம், எல்லாம் நெனப்பிருக்கு. மொகம் மட்டும் வரமாட்டேங்கு. கண்ண மூடுனா ஒங்க மொகந்தான் வருது, ரயிலுக்குப் போயிட்டு வருவியள்லா, அந்த மொகம். வீட்டுல இருக்க படத்துல அவுக கூட்டத்தோட தூரத்துல நிக்காவ, பயறு மாதிரி இருக்கு. நான் யாருக்கு மாமா பூ வைக்கேன்?”

இசக்கிப்பாண்டி வாயைத் திறந்தார். மகன் முகத்தை அவளுக்குச் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தார். மூக்கு இப்படி, நெற்றி இப்படி என்று. அப்போதுதான் தெரிந்தது, தன் நினைவில் வருவதும் வண்டிக்காரன் கதைக்கு விழுந்து சிரிக்கும் சின்னப் பையன் முகம்தான். பட்டாளத்துக்குப் போன ஆண்பிள்ளையின் முகம் அவருக்கும் இல்லை. தலையில் விழும் பனியைத் தட்டிவிடாமல் ஒருவன் உட்கார்ந்திருப்பது மட்டும் தெரிந்தது. அவர் செங்கல்லைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். தந்தி வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் யாரும் அழாத அழுகையெல்லாம் சேர்ந்து வந்தது. உச்சிமாகாளி பக்கத்தில் உட்கார்ந்து தானும் அழுதாள்.

சாயங்காலம் வீட்டுக்குப் போய்க் குருவம்மாளிடம் சொன்னார். “மவனுக்குக் கல்லு நட்டிருவோம்.”

அவள் அதிரவில்லை. அடுப்பை ஊதிக்கொண்டே சொன்னாள். “குழி அங்கனேதான் கெடக்கு.”

“எந்தக் குழி?”

“நீங்க புடுங்குன குழி. இம்புட்டு வருசமா மழைக்கு மழை தண்ணி கட்டிக் கெடக்கு. மூடல நீங்க. நானும் மூடல. வாரப்ப போறப்ப எல்லாம் பாப்பேன். அது ஆளு கேட்டுக்கிட்டே கெடக்குன்னு தோணும். எப்படிச் சொல்லுவேன்? ஒங்களத் திருப்பி அதுல வைக்கவா சொல்லுவேன்?”

குழி ஆள் கேட்குமா என்று விசாரிக்க இது இடமில்லை. ஒரு தாய் அத்தனை வருஷமும் அதை நெஞ்சில் வைத்துக்கொண்டு அவருக்குச் சோறு போட்டிருக்கிறாள், அது உண்மை.

கருமாதிக்கு ஏசுவடியானை அவரே நல்லூர் போய்க் கூப்பிட்டு வந்தார். துல்கர்னைன் கம்பை ஊன்றிக்கொண்டு ஆற்றங்கரை வரை வந்தார். பானைமேல் இருந்த செங்கல்லை எடுத்துச் சிற்றாற்றில் கழுவி, ராஜா பெயர் உள்ள பக்கம் மண்ணுக்குள் போகும்படி இசக்கிப்பாண்டி தன் கையாலேயே நட்டார். மேலே தெரிந்தது வெறும் மண் முகம். அதில் குருவம்மாள் மஞ்சள் பூசினாள். உச்சிமாகாளிக்குத் தாலி இறங்கியபோது அவளைக் கட்டிக்கொண்டதும் குருவம்மாள்தான். அன்று ஏசுவடியான் அந்த வீட்டில் வயிறாரச் சாப்பிட்டான்.

தை பிறந்ததும் உச்சிமாகாளியை அந்த விவசாயிக்கே கட்டிக்கொடுத்தார்கள். புறப்படும்போது மாமாவின் காலில் விழுந்தாள். “நல்லா இரு தாயி. இனி ரயிலப் பாக்காண்டாம்” என்றார். பஸ் திரும்பும் வரை கையை ஆட்டிக்கொண்டு நின்றார்.

அதன்பின் பங்களாவுக்கு வருகிறவர்கள் கதை கேட்டால், செங்கல் இப்போது கைவசம் இல்லை என்று சொல்லிவிடுவார். ஊரில் எல்லோரும் மனுஷன் தெளிந்துவிட்டான் என்றார்கள்.

ஆனால் சாயங்கால ரயில் நேரம் வந்தால் அவருக்கு இருப்புக்கொள்ளாது. குருவம்மாள் ஒன்றும் கேட்காமல் துண்டை எடுத்துக் கொடுப்பாள். தென்காசி வரை நடந்து, கடைசிப் பெட்டிக்காரன் இறங்கிப் போகிற வரை நின்று பார்ப்பார். திரும்பும் வழியில் சிற்றாற்றங்கரையில் இறங்கி, கல்லுக்கு முன்னால் குந்தி, அதன்மேல் விழுந்த சாரலைத் துண்டால் துடைத்துவிடுவார்.

“ஏலே தளவாய், இன்னைக்கும் ஒன்னக் காணலலே” என்று அதனிடம் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போவார்.